பி.காம். மாப்பிள்ளையும் எம்.காம். பேத்தியும்

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி செல்வி எழுதுகிறாள். நடுவில் எழுத்து கோணியிருந்தால் அவள் சிரிப்புதான் காரணம்.

இன்று மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பி.காம்., தி.நகர் துணிக்கடையில் கணக்கர். இவள் இப்போதுதான் எம்.காம். சேர்ந்திருக்கிறாள்.

பஜ்ஜி சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளையின் அம்மா ஆரம்பித்தார்.

"புள்ளைய விட பொண்ணு ஒசந்த படிப்பு படிச்சா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க? காலேஜ நிறுத்திடுங்க."

செல்வி பட்டென்று பதில் சொன்னாள்.

"நிறுத்த மாட்டேன் ஆன்ட்டி. நீங்க வேற பொண்ணு பாத்துக்கோங்க."

மாப்பிள்ளை மெதுவாக அவளைக் கேட்டார்.

"ஏங்க, வேலைக்குப் போய்க்கினே எம்.காம். படிக்க முடியுமா?"

"தபால்ல படிக்கலாம். புரியலன்னா நான் சொல்லித் தரேன்."

அவர் அம்மா பக்கம் திரும்பினார்.

"யம்மா, நானும் எம்.காம். சேந்துடறேன். அப்போ சரியாப் பூடும்ல?"

அந்த அம்மாள் யோசித்து யோசித்து, கடைசியில் சிரித்துவிட்டார். உடனே தாம்பூலம் மாற்றிக்கொண்டோம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஒரே ஒரு கவலைதான். பரீட்சையில் செல்வி அவரைவிட அதிக மார்க் வாங்கினால், சம்பந்தியம்மாளிடம் யார் போய்ச் சொல்வது? தைரியசாலிகள் கை தூக்குங்கள்.