ஜே கே அரைப்புள்ளி ஜி பி

கைப்பேசிக்குக் கண்ணாடி ஒட்டவும் உறை மாட்டவும் அந்தக் கடைவீதியில் பதினோரு கடைகள் இருந்தன. எழுத்து மாற்றித் தர ஒரே ஒரு கடைதான். தையல்கடைக்கும் நகலெடுக்கும் கடைக்கும் நடுவில், ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் அகலத்தில் இருந்த அந்தக் கடையின் சொந்தக்காரரை எல்லோரும் ஃபாண்ட்காரர் என்றே கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் கடைப்பலகையிலேயே இல்லாதபோது அதை வேறு யார் தேடப் போகிறார்கள்?

போனில் வருகிற எழுத்தைப் பிடிக்காதவர்கள் இத்தனை பேரா என்பது அவர் கடையில் அரைநாள் உட்கார்ந்தால் தெரியும். ஒருத்திக்கு எழுத்து கொடிகொடியாய்ச் சுருள வேண்டும். ஒருவருக்குக் கல்வெட்டு மாதிரி விறைத்து நிற்க வேண்டும். ஃபாண்ட்காரர் கேட்ட எழுத்தை இறக்கி, அமைப்புகளுக்குள் புகுந்து, அதற்கான செயலி வழியாக ஏற்றி, போனை ஒருமுறை அணைத்துப் போட்டுக் கையில் கொடுப்பார். கூடவே ஒரு எச்சரிக்கையும் உண்டு. "இந்த அழகெல்லாம் உங்க போன்ல மட்டும்தான். அடுத்தவங்களுக்கு அனுப்பினா அவங்க போன்ல எந்த எழுத்து இருக்கோ அதுலதான் தெரியும்." இதைக் கேட்டதும் பாதிப் பேரின் முகம் தொங்கிவிடும். பூப்போட்ட எழுத்து கேட்டு வந்த ஒரு காதலர், "அப்போ அவளுக்கு இந்தப் பூ தெரியவே தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, பழைய எழுத்தோடே திரும்பிப் போனார்.

எழுத்துப் பைத்தியம் ஃபாண்ட்காரருக்கு அக்காவிடமிருந்து தொற்றியது. அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். முப்பத்தொரு வருஷம் ஓர் அச்சகத்தில் கணினியில் தமிழ் அடித்தவள். அவள் பழகியது பழைய விசைமுறை. அதில் அடிப்பதெல்லாம் உள்ளே ஆங்கில எழுத்துகளாகத்தான் இருக்கும். அதற்கென்று இருக்கிற ஃபாண்டை மேலே போர்த்தினால்தான் தமிழாகத் தெரியும். ஃபாண்டை எடுத்துவிட்டால் வெறும் உளறல். மெய்யெழுத்தின் புள்ளிக்குக்கூட அதில் அரைப்புள்ளிச் சாவியைத்தான் தட்ட வேண்டும்.

அவள் ஓய்வு பெற்றபோது தம்பி ஒரு டேப்லெட் கொடுத்தார். இந்தக் காலத்துத் தமிழ் விசைப்பலகையை அக்கா இரண்டு நாள் தடவிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள்.

"மூளை சொல்றத என் விரல் கேக்காதுடா. அதுக்குத் தெரிஞ்ச இடத்துக்குத்தான் போகும்."

தம்பி விடுவாரா? டேப்லெட்டில் ஒரு குறிப்புச் செயலியைப் போட்டு, அந்தப் பழைய ஃபாண்டை எங்கிருந்தோ தேடிப் பிடித்து அதற்குள் ஏற்றி, தனியாக ஒரு விசைப்பலகையும் மாட்டிக் கொடுத்தார். அக்கா முதல் வரி அடித்ததும் கைதட்டிச் சிரித்தாள். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கக்கா. இது இதுக்குள்ள மட்டும்தான் தமிழ். யாருக்கும் அனுப்பிடாத, போற இடத்துல உளறும்" என்றார் தம்பி. அவள் சரியென்று தலையாட்டினாள். எதற்கும் சுலபத்தில் தலையாட்டாதவள், இதற்குப் போய் ஆட்டினாள்.

அப்புறம் அவர் மகன் கல்யாணம் வந்தது. பத்திரிகையை அக்காவிடம் அடிக்கக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. புதிதாகப் பிடித்த ஒரு வளைவு நெளிவான ஃபாண்டில் தானே தன் போனில் வடிவமைத்து அச்சுக்கு அனுப்பிவிட்டார். அந்த ஃபாண்டில் ழகரமே கிடையாது. போன் தன் கையிலிருந்த எழுத்தைப் போட்டு ஓட்டையை மறைத்திருந்தது. அச்சு இயந்திரம் மறைக்கவில்லை. 'அழைப்பிதழ்' என்ற தலைப்பில் இரண்டு சதுரக் கட்டங்களோடு ஐந்நூறு பத்திரிகை வந்து இறங்கியது.

சம்பந்தி வீட்டார் சுற்றி உட்கார்ந்திருக்க, அக்கா ஒன்றைக் கையில் எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். "ஊருக்கெல்லாம் எழுத்து போடறவன் வீட்டுப் பத்திரிகைல எழுத்து இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு ஜன்னல்" என்றாள். கூடம் கொல்லென்று சிரித்தது. அவள் கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் ஃபாண்ட்காரருக்கு அது முகத்தில் அறைந்தாற்போல் ஆயிற்று. கல்யாணத்தன்று அக்காவோடு நின்று படம் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் அவள் வீட்டுப் பக்கமே போகவில்லை. யார் சமாதானம் பேசினாலும் ஒரே பதில்தான். "அவ முதல்ல ஒரு வார்த்தை சொல்லட்டும்."

இந்த வீம்பு மூன்று வருஷம் ஓடியது. மூன்று வருஷமும் அந்த ஒரு வார்த்தைக்காக அவர் உள்ளுக்குள் ஏங்கியது அவருக்கு மட்டும்தான் தெரியும். அக்கா ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. ஓடிப் போய் நின்றார், அழுதார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "போற வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். அப்போதும் குறை அவள்மேல்தான்.

மூன்று மாதம் கழித்து அக்கா மகள் அந்த டேப்லெட்டோடு கடைக்கு வந்தாள்.

"மாமா, ரொம்ப மெதுவா ஓடுது. போட்டோவ மட்டும் எடுத்துட்டு எல்லாத்தையும் அழிச்சுக் குடுங்க. எங்க பாப்பா படம் வரையறதுக்கு ஆகும்."

எந்தக் கருவி வந்தாலும் அவர் வழக்கம் ஒன்றுதான். கருவியைத் திறந்து பார்க்க மாட்டார். கம்பியைக் கணினியில் செருகி, உள்ளதையெல்லாம் அந்தத் திரையிலேயே பார்ப்பார், அதுதான் வேகம். படங்களை நகலெடுத்தார். பிறகு குறிப்புகள் என்ற கோப்புறையில் நாற்பத்திரண்டு கோப்புகள். ஒன்றைத் திறந்தார். திரை முழுக்க ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள். இன்னொன்று, அதுவும் அப்படியே. மூன்றாவதும் மற்றவையும் அப்படியே.

"என்னம்மா இது, பாப்பா விசைப்பலகை மேல ஏறி உக்காந்துட்டாளா?"

"இருக்கும் மாமா. அம்மாவும் எந்நேரமும் எதையாவது தட்டிக்கிட்டேதான் இருப்பாங்க."

அந்த இடத்தில் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் ஃபாண்ட் போடுகிறவருக்கு, ஐந்து வருஷம் முன்னால் யாருக்கு எதைப் போட்டோம் என்பது மனதில் நிற்காது. அக்கா சம்பந்தப்பட்டதை நினைக்கக் கூடாதென்று வேறு அவர் பிடிவாதமாக இருந்தார். அவருக்கு விளையாட்டுதான் தோன்றியது. திரையைப் பார்த்து வாசித்தார். "எல்லாம் ஒரே மாதிரி ஆரம்பிக்குது பாரு. ஜே கே, ஒரு அரைப்புள்ளி, ஜி பி. ஜே.கே.ன்னு ஒருத்தர், ஜி.பி.ன்னு ஒருத்தர். யாரும்மா இவங்க ரெண்டு பேரும்? உங்கம்மாவுக்குத் தெரிஞ்சவங்களா?"

அக்கா மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் அவர் அழி என்ற பொத்தானை அழுத்தினார். டேப்லெட்டையும் புதிதுபோல் துடைத்துக் கொடுத்தார்.

அடுத்த வாரம் ஓர் அம்மாள் வந்தார். அச்சகத்தில் அக்காவுக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர். கையில் புது டேப்லெட்.

"உங்கக்காவுக்குப் போட்டுக் குடுத்தியாமே, நம்ம பழைய எழுத்து. அதே மாதிரி எனக்கும் போட்டுக் குடுப்பா. அவ ரொம்பப் பெருமையா சொல்லுவா."

அக்கா தன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறாள் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. டேப்லெட்டை வாங்கிச் செயலியை ஏற்றினார். ஃபாண்ட் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

"சும்மா ஏதாவது அடிச்சுப் பாருங்கக்கா, விசை சரியா வேலை செய்யுதான்னு."

அந்த அம்மாள் விசைப்பலகையைப் பார்க்காமலே, எதிரே இருந்த ஃபாண்ட்காரரைப் பார்த்துச் சிரித்தபடி ஒரு வார்த்தை அடித்தார். திரையில் வந்தது:

jk;gp

ஃபாண்ட்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் ஃபாண்ட் இறங்கி முடிந்தது. அதைத் தேர்ந்தெடுத்தார். எழுத்துகள் ஒருமுறை துள்ளி மாறின.

தம்பி

"சரியா வருதே!" என்றார் அந்த அம்மாள். ஃபாண்ட்காரர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அழித்ததை மீட்கிற வித்தைகள் அவருக்கு நாலைந்து தெரியும். ஆனால் அன்று அவர் தம் தொழிலைச் சுத்தமாகச் செய்திருந்தார். ஒரு வரிகூட மிச்சமில்லை. நாற்பத்திரண்டு. தம்பி என்று தொடங்கித் திட்டியிருக்கலாம். அது அவளுக்குக் கைவந்த கலை. மன்னித்திருக்கலாம். ழகரத்தை எந்தச் சாவியில் தட்டுவது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். திட்டியிருந்தாலும் போதுமே என்றுதான் அவருக்கு இருந்தது. அனுப்பாதே என்று சொன்னது யார்? அவரேதான்.

அக்கா மகளிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பத்து நாள் தள்ளினார். பதினோராம் நாள், பாப்பா உடைத்த திரைக்கு வேறு கண்ணாடி போட அவளே வந்து நின்றாள். முகத்தில் அன்றைய சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது.

"என்ன மாமா, அந்த ஜே.கே.யும் ஜி.பி.யும் யாருன்னு கண்டுபிடிச்சீங்களா?"

டேப்லெட்டை வாங்கி மேசைமேல் வைத்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"கண்டுபிடிச்சேம்மா" என்றார். "நான்தான்."