பதினான்கு அட்டைத் துண்டுகள்

கிட்டாரைச் சரிசெய்ய என்ன கொடுக்கலாம் என்று யாராவது கேட்டால் இப்போது என்னால் யோசிக்காமல் சொல்ல முடியும். எண்ணூறு ரூபாய், கம்பி தனி. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாயும் ஓர் ஆடிப் பதினெட்டும் செலவானது. பணத்தைக்கூட விட்டுவிடலாம். அந்த ஆடிப் பதினெட்டுக்காக விருதுநகர்க் கடைக்காரர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. தணிக்க நான் முயற்சி செய்யவும் இல்லை.

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். படிப்பு பத்தாவது. அட்டையில் தேதித்தாள் கட்டை வைத்து ஸ்டேப்ளர் பின் அடிக்கும் பகுதியில் இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டு மாடியில் ஓர் அறை எனக்கு. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கம்பெனியில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘சைலன்ட் மோடு’ என்று பெயர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாற்பத்து நான்கு வயதில் கிட்டார் வாங்கினேன். உடன் வேலை பார்த்த ஒருவரின் தம்பி துபாய்க்குப் போகும்போது விற்றது. மூவாயிரம் ரூபாய். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன். இரண்டு வருடத்தில் நான்கைந்து பாட்டு கைக்கு வந்தது. ஆனால் கம்பி எல்லாம் கழுத்துப் பலகையை விட்டு மிகவும் உயரத்தில் நின்றது. அழுத்தினால் விரல் நுனியில் வெட்டுப்பட்டதுபோலக் கோடு விழுந்துவிடும். ஒரு பாட்டை முழுதாக வாசித்து முடிப்பதற்குள் கை மரத்துவிடும்.

அந்தக் கோடுகள்தான் என்னைக் காட்டிக்கொடுத்தன. பக்கத்து மேஜைப் பெண் என் விரலைப் பிடித்துப் பார்த்து என்னவென்று கேட்க, நான் மழுப்ப, அவள் விடாமல் பிடுங்கிவிட்டாள். மறுநாள் ஃபோர்மேன் வந்து நின்றார்.

“ஏம்மா, இம்புட்டு வருசமா உனக்கு வாயே இல்லைன்னுல்ல நெனச்சோம். இந்த ஆடிப் பதினெட்டுக்கு நீ ஒரு பாட்டு வாசிக்கணும். ஒண்ணே ஒண்ணு.”

எங்கள் ஊரில் ஆடிப் பதினெட்டு அன்றைக்குத்தான் அடுத்த வருடக் காலண்டருக்கான மாதிரிப் படங்கள் அடங்கிய ஆல்பம் வெளியாகும். மெஷினுக்கெல்லாம் மாலை போட்டுப் பூஜை நடக்கும், முதலாளி குடும்பத்தோடு வருவார், சாப்பாடு உண்டு. சாப்பாட்டுக்கு முன்னால் பாடத் தெரிந்தவர்கள் பாடுவார்கள், ஒருவர் மிமிக்ரி செய்வார். மறுநாளிலிருந்து ஆர்டர் வரத் தொடங்கிவிடும். அப்புறம் மார்கழி பாதி போகிறவரை யாருக்கும் யார் முகமும் தெரியாது. நான் சரி என்று தலையாட்டினேன். இருபத்திரண்டு வருடத்தில் என்னை யாரும் எதற்கும் முன்னால் வந்து நில் என்று சொன்னதில்லை. அன்று பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வைகாசியில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு விருதுநகர் போனேன். இசைக்கருவி விற்கும் கடை. ‘கிட்டார் செட்டப் செய்து தரப்படும்’ என்று உள்ளே பலகை மாட்டியிருந்தார்கள். கம்பியை இறக்கிக் கொடுப்பதற்கு அதுதான் பெயர். கடைக்காரருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும்.

“வாங்கக்கா. யாருக்கு, மகனுக்கா?”

எனக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றேன். அந்தப் பொய்யை நினைத்தால் இப்போதும் என் காது சூடாகிறது. அவர் கிட்டாரை எடுத்து ஒருமுறை மீட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆகும், மதுரையிலிருந்து ஆள் வந்து பார்ப்பார், எட்டு நாள் என்றார். அதில் என்னென்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்தேன்.

ஒன்றை மட்டும் செய்திருந்தேன். காலண்டர் வேலையில் இருப்பவர்களுக்குக் கண்ணைவிட விரலில் நம்பிக்கை அதிகம். தாளைத் தடவியே இது எந்த கனம் என்று சொல்லிவிடுவோம். கடைக்குக் கொண்டுபோவதற்கு முந்தின நாள், கம்பெனியில் கழிவாக விழும் காலண்டர் அட்டையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி எடுத்துவந்தேன். கிட்டார் கழுத்தும் உடம்பும் சேரும் இடத்துக்கு மேலே, தடிக்கம்பிக்கு அடியில் ஒவ்வொரு துண்டாக நுழைத்தேன். பதினான்கு துண்டு போனது. பதினைந்தாவது போகவில்லை. சரிசெய்து வந்த பிறகு எத்தனை குறைகிறது என்று பார்க்கலாம் என்ற ஆசைதான். சந்தேகப்பட்டுச் செய்ததில்லை.

எட்டு நாள் எட்டு வாரமாகியது. ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் மதுரை ஆள் நாளைக்கு வருகிறார் என்பார். ஆடி பத்தாம் தேதி கிட்டார் கைக்கு வந்தது. கம்பி மாற்றியிருந்தார்கள், துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து அட்டைத் துண்டுகளை எடுத்து நுழைத்தேன். பதினான்கு. எடுத்துவிட்டு மறுபடி நுழைத்தேன். பதினான்கு. பதினைந்தாவது போகவில்லை.

போன் செய்தேன். கம்பி இறங்கவே இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் என் குரல் நடுங்கிவிட்டது. அவர் நிதானமாகப் பேசினார்.

“அக்கா, மெட்ராஸ்லயே இப்படித்தான் வச்சுத் தருவாக. வாசிக்கத் தெரியாம கிட்டாரைக் குறை சொன்னா நான் என்ன செய்ய? உங்க மகனைப் பேசச் சொல்லுங்க. அவனுக்குப் புரியும்.”

நான் போனை வைத்துவிட்டேன்.

மிச்சமிருந்த எட்டு நாளும் வாசித்துப் பார்த்தேன். இரண்டாவது சரணத்துக்கு மேல் கை ஓடவில்லை. ஆடிப் பதினெட்டு அன்று காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டேன். மறுநாள் ஃபோர்மேன் எல்லோர் முன்னாலும், “காய்ச்சல் உனக்கா, கிட்டாருக்கா?” என்றார். கெட்ட மனிதர் இல்லை, விளையாட்டாகக் கேட்டதுதான். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்து பின் அடித்தேன். அதற்குப் பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை. வாய் திறக்காதவள் மறுபடி வாய் திறக்காதவளாகவே ஆகிவிட்டாள், அவ்வளவுதான்.

சீசன் முழுக்க அந்தக் கடைக்காரரை மனசில் வைத்து வறுத்தேன். ஒவ்வொரு பின் அடிக்கும்போதும் அவர் முகம் வரும். அவர் கடை வாசலில் பத்தாயிரம் வாலாவைப் பற்றவைத்துவிட்டு ஓடுவதுபோல நினைத்துக்கொள்வேன். எங்கள் ஊர்க்காரிக்கு வேறு என்ன தோன்றும். என்னிடம் அப்படியொரு குணம் இருப்பது அதுவரை எனக்கே தெரியாது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

தீபாவளி லீவில், எங்கள் பேப்பர் லாரி டிரைவர் சொன்ன அடையாளத்தை வைத்துக் காரியாபட்டி போனேன். கச்சேரிக் குழுக்களுக்குக் கிட்டார் பார்த்துக் கொடுப்பவர் ஒருவர் அங்கே இருந்தார். என்னை எதிரே உட்காரவைத்துத்தான் வேலையைத் தொடங்கினார். கழுத்துக்குள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது, அதைச் சாவி போட்டுத் திருகினார். வளைந்திருந்த கழுத்து நிமிர்ந்தது. கம்பி உட்காரும் வெள்ளைத் துண்டைக் கழற்றி அடிப்பக்கம் தேய்த்தார். கழுத்தின் தலைப்பக்கம் கம்பி படியும் பள்ளங்களை மெல்லிய அரத்தால் ஆழமாக்கினார். ஒரு மணி நேரம் ஆனது. எண்ணூறு ரூபாய், கம்பிக்கு முந்நூறு. முன்னால் ஒருத்தர் எவ்வளவு வாங்கினார் என்று சொன்னேன். அவர் சாவியை எடுத்துக் காட்டினார். “இதை வச்சுத் திருகணும்னா இங்கன இருக்கிற மூடியைக் கழட்டணும்க்கா. நான் கழட்டும்போது கம்பெனியில போட்ட பெயிண்ட் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இதுவரை ஒருத்தரும் திறக்கலை.”

வீட்டில் துண்டுகளை நுழைத்தேன். ஏழுதான் போனது. அன்று அந்தப் பாட்டைத் தொடர்ந்து ஆறு முறை வாசித்தேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆடிப் பதினெட்டுக்கு முன்னால் இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது என்ற நினைப்பில் எனக்கு அழுகைதான் வந்தது.

கார்த்திகையில் அந்தக் கடையின் ஆர்டரே என் மேஜைக்கு வந்தது. ஐந்நூறு காலண்டர். வீணையோடு சரஸ்வதி, கீழே கடைப் பெயர். பின்னைக் கொஞ்சம் தளர்வாக அடித்தால் போதும், தை பிறந்து பத்து நாளில் தேதித்தாள் கட்டு மொத்தமாகக் கீழே விழும். பத்து காலண்டர் அப்படி அடித்தும் விட்டேன். அப்புறம் யோசித்தேன். புகார் கம்பெனிக்குத்தான் வரும். அவருக்குப் புதிதாக ஐந்நூறு இலவசமாகப் போகும், எங்கள் பகுதிப் பெண்கள் பேச்சு வாங்குவார்கள். பத்தையும் பிரித்துத் திரும்ப அடித்தேன். மற்ற எல்லோருக்கும் அடிப்பதைவிட அழுத்தமாகவே அடித்தேன். அவர்மேல் இருக்கும் பகை அவருக்கு மட்டும்தான் போய்ச் சேர வேண்டும்.

மார்கழி மாதம், சீசன் அடங்கிய முதல் ஞாயிறு காலையில் கிட்டாரோடு அந்தக் கடைக்குப் போனேன். காலண்டர் வாங்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஓர் அப்பாவும், பள்ளிக்கூடம் படிக்கிற அவர் மகளும் ஒரு கிட்டாரை மேஜைமேல் வைத்திருந்தார்கள். மதுரையிலிருந்து ஆள் வருவார் என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“வாங்கக்கா. மகன் வரலையா?”

“மகன் இல்லை. கிட்டார் என்னுது,” என்றேன்.

கிட்டாரை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அட்டைத் துண்டுகளை அந்த அப்பாவின் கையில் கொடுத்து, கம்பிக்கடியில் நுழைக்கச் சொன்னேன். அவர் ஒன்றும் புரியாமல் நுழைத்தார். ஏழு போனது. கையில் ஏழு மிச்சம்.

“இவுக சரிபண்ணித் தந்த அன்னைக்குப் பதினாலும் போச்சு. இவுககிட்ட நான் குடுக்கிறதுக்கு முன்னாடியும் பதினாலு. இவுக வாங்கினது ரெண்டாயிரத்து ஐந்நூறு. இதை இறக்கினது காரியாபட்டியில. எண்ணூறு ரூபாய், என் கண்ணு முன்னால.”

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் இவ்வளவு பேசியதில்லை. இந்த முறை குரல் நடுங்கவில்லை. அந்த மகள், அப்பா கையில் மிச்சமிருந்த துண்டுகளை வாங்கித் தன் கிட்டாரில் நுழைக்கத் தொடங்கினாள். அவள் அப்பா காரியாபட்டியில் எந்த இடம் என்று கேட்டார். சொன்னேன். கடைக்காரருக்குக் கேட்கும்படியாகவே சொன்னேன். அவர்கள் உறையை மூடிக்கொண்டு கிளம்பினார்கள்.

கடைக்காரர் கல்லாவைத் திறந்து ஐந்நூறு ரூபாய்த் தாள் ஐந்தை எடுத்து நீட்டினார். “எதுக்குக்கா கடைக்குள்ள வச்சு? போன்ல சொல்லியிருந்தா குடுத்திருப்பேன்ல.”

எனக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் வாங்கினால் எனக்கும் அவருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும். அவர் மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிடப் போவார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிட்டாரை உறையில் போட்டேன்.

அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறும். உள்ளே போவதில்லை, யாரிடமும் வம்பு பேசுவதில்லை. கிட்டாரோடு வாசலோரம் நிற்பேன். கிட்டார் உறையோடு யாராவது வந்தால் மட்டும் துண்டுகளைக் கொடுத்து நுழைத்துப் பார்க்கச் சொல்வேன், காரியாபட்டிக்கு வழி சொல்வேன். மூன்றாவது ஞாயிறு செட்டப் பலகையைக் காணவில்லை. நான்காவது ஞாயிறு அவரே வெளியே வந்தார். குரலில் பழைய சிரிப்பு இல்லை.

“இன்னும் என்னதான்க்கா வேணும் உங்களுக்கு? சொல்லுங்க, செஞ்சுடுறேன்.”

போன ஆடிப் பதினெட்டு வேண்டும் எனக்கு. காலையில் பூஜை முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால், எல்லோரும் உட்கார்ந்திருக்க, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதை இவரால் எங்கிருந்து எடுத்துத் தர முடியும்? சிவகாசி பஸ்ஸுக்கு நேரமிருந்தது. அதுவரை அங்கேயே நின்றேன்.