நகத்துச் சிவப்பு

போன மாசம் என் மகள் பஞ்சம்மாளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. நான் தாத்தா ஆகிவிட்டேன். அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் ஒரு வீடு விடாமல் கற்கண்டு கொடுத்தேன். எதிர் வீட்டுக்கு ரெண்டு தரம் கொடுத்துவிட்டேன் என்று என் சம்சாரம் இன்னும் சிரிக்கிறாள்.

குழந்தையைப் பார்க்க என் அக்கா சௌடேஸ்வரி வந்தாள். மற்றவர்கள் எல்லாம் மூக்கு யாரைப் போல, காது யாரைப் போல என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் குழந்தையின் மூடிய கையை மெல்லப் பிரித்து, ஒவ்வொரு நகமாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"என்ன அத்தை, இப்பத்தான் பொறந்திருக்கான், அதுக்குள்ள நகம் வெட்டவா?" என்றாள் பஞ்சம்மாள்.

"ஒன்னுமில்ல தாயி. சுத்தமா இருக்கு" என்று அக்கா அந்தக் கையைத் திரும்ப மூடிவிட்டாள்.

மகளுக்குக் காரணம் தெரியாது. அவள் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டவர் அக்காவின் புருஷன் திம்மையா. அக்கா புருஷனை எங்கள் வீட்டில் பாவா என்போம். நானும் பாவா என்றே எழுதுகிறேன்.

பாவா நூலுக்குச் சாயம் போடுகிறவர். சிவப்புதான் அவர் தொழில். அவர் முக்கின நூலில் நெய்த சேலை கிழிந்து கந்தலானாலும் நிறம் மங்காது என்பார்கள். சாயம் கொதிக்கிற அண்டாவில் நூலை முக்கி முக்கி எடுத்து, கை முழங்கை வரைக்கும் சிவந்து கிடக்கும். சோறு பிசைந்தால் சோறு சிவந்துவிடும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். அவர் கோபப்பட மாட்டார். "வெள்ளைக் கைக்காரன் எவனாச்சும் எம் மாதிரி சம்பாதிக்கிறானா பாரு" என்பார்.

சின்ன வயதில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து மூட்டு மூட்டாக வீங்கிக் கிடந்தாராம். பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு மூச்சு பத்தாது. எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உப்பு. சாயத்துக்கு நல்ல தண்ணீர் தூரத்திலிருந்து சுமக்க வேண்டும். ஒரு குடத்தைச் சுமந்து வருவதற்குள் மூன்று இடத்தில் இறக்கி வைப்பார். நெஞ்சு படபடக்கும். "குடத்துக்கு வயசாயிருச்சு" என்று அதற்கும் ஒரு வேடிக்கை சொல்வார்.

ஜப்பான் சண்டை முடிந்து, நூலுக்கு இன்னும் தட்டுப்பாடாக இருந்த சமயம். பாவாவுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. சந்தையில் பல் பிடுங்குகிறவரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். பல்வலி போனது. கொஞ்ச நாள் கழித்து, பொழுது சாயச் சாயக் காய்ச்சல் வர ஆரம்பித்தது. காலையில் வேர்த்து விட்டுவிடும், சாயங்காலம் திரும்ப வரும். ஆள் இளைத்தார். முகம் வெளுத்து, சாம்பல் பூத்த மாதிரி ஆனது. விரல் நுனியில் பயறு அளவுக்கு முடிச்சு முடிச்சாக வந்து, நூலைத் தொட்டாலே துடித்தார். கொதிக்கிற தண்ணீர் பட்டதால் என்று நினைத்து வெண்ணெய் தடவிக்கொண்டார்.

டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் நாடி பார்த்துவிட்டுக் கையைத் திருப்பினார்.

"நகத்துக்குள்ள என்னய்யா, செவப்பாக் கோடு கோடா?"

பாவா பத்து விரலையும் விரித்துக் காட்டினார். "சாயக்காரன் கை வேற எப்படிய்யா இருக்கும்? நான் செத்தாலும் இது போகாது. என்னப் பொதச்ச எடத்துல மண்ணுகூடச் செவக்கும்."

டாக்டர் சிரித்துவிட்டார். நான் சிரித்தேன். அக்காவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மலேரியாவாக இருக்கும் என்று கொயினா எழுதிக் கொடுத்தார்.

கொயினா குடித்துக் காது அடைத்ததுதான் மிச்சம். காய்ச்சல் விடவில்லை. எழுந்து நிற்க முடியாமல் போன பிறகு, பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓடுகிற பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோய் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நானும் அக்காவும் கூடவே இருந்தோம்.

பக்கத்துக் கட்டிலில் நரிக்குடிப் பக்கம் வெள்ளாமை செய்கிற சம்சாரி ஆண்டிச்சாமி. வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்து கட்டுப் போட்டுக் கிடந்தார்.

"என்ன சாயக்காரரே, ஒம்ம கையப் பாத்தா ஆளக் குத்திட்டு வந்தவரு மாதிரியில்ல இருக்கு? போலீசு வந்தா நான் ஒம்மத் தெரியாதுன்னுருவேன்."

"போலீசு வந்தா நான் ஓடிருவேன். கட்டுக் காலோட நீருதான் மாட்டுவீரு" என்றார் பாவா.

"ஓடுற மூஞ்சியப் பாரு!"

ரெண்டு பேரும் அப்படிப் பழகிவிட்டார்கள். வீட்டுக்குப் போனதும் தலைப்பாகைக்கு ஒரு சிவப்புத் துண்டு முக்கித் தருவதாகப் பாவா வாக்குக் கொடுத்திருந்தார். "சாயம் போச்சுன்னா வீட்டுக்கே வந்து ஒதைப்பேன்" என்றார் ஆண்டிச்சாமி.

அங்கேயும் காய்ச்சல் நிற்கவில்லை. அண்டாப் பக்கமே போகாததால் கையின் தோலில் இருந்த சிவப்பு மெல்ல மெல்ல உரிந்து போனது. ஒரு நாள் நர்சம்மா சத்தம் போட்டாள். "என்னம்மா இது, நகத்துல அழுக்கு? பெரிய டாக்டர் வர்ற நேரம், கையக் கழுவி விடக் கூடாதா?"

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தாள். நகம் பளிச்சென்று ஆனது. உள்ளே சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. இடது கைப் பெருவிரலில் நேற்று இல்லாத கோடு ஒன்று புதிதாக நின்றது.

"லிங்கா, இங்க பாரு" என்று என்னைக் கூப்பிட்டாள். குரல் மாறிவிட்டது. "இவுக அண்டாவத் தொட்டு ஒரு மாசம் ஆச்சு. இது எங்கருந்துடா வந்துச்சு?"

பெரிய டாக்டர் வந்ததும் பாவா பழக்க தோஷத்தில், "அது சாயம்யா" என்று ஆரம்பித்தார். அக்கா குறுக்கே விழுந்தாள். "இல்லய்யா! சாயமில்ல. தேச்சுப் பாத்துட்டேன்."

டாக்டர் நகத்தைப் பார்த்தார். விரல் நுனியை அழுத்தினார், பாவா அலறினார். நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு ரத்தம் எடுத்து, அதில் கிருமி வளருகிறதா என்று பார்க்கப் புட்டியில் போட்டு வைத்தார்கள். வளர்ந்தது.

அவர் எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "நெஞ்சுக்குள்ள ரத்தம் போய் வர்றதுக்குச் சின்னச் சின்னக் கதவு இருக்கு. பழைய மூட்டுக் காய்ச்சல்ல அது பழுதாயிருக்கு. பல்லு புடுங்கின புண்ணு வழியா கிருமி போய் அதுல ஒக்காந்திருக்கலாம்."

எனக்குத் தறிதான் தெரியும். பிசிர் விட்ட இழையில் பஞ்சு போய்ப் போய் ஒட்டி உருண்டையாகிற மாதிரியா என்று கேட்டேன். "அதேதான்" என்றார். "அந்தப் பஞ்சு துளித்துளியாப் பிஞ்சு ரத்தத்தோட போகுது. நகத்துல சிக்குறது அதோட தூசி. பெருசாப் பிஞ்சா ஆபத்து."

போன வருஷம் வரைக்கும் இதற்கு மருந்தே இல்லையாம். இப்போது பென்சிலின் என்று வந்திருக்கிறது, பட்டாளத்துக்குப் போக மிச்சம்தான் கிடைக்கிறது, மெட்ராசுக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்றார். அது வருவதற்குள் பெரிதாக எதுவும் பிய்யக் கூடாது.

அக்கா சாப்பிடவில்லை. காலையில் எழுந்ததும் நகம், விளக்கு வைத்ததும் நகம். புதுக் கோடு வந்திருந்தால் சொல்ல மாட்டாள். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள்.

மருந்து வந்தது. மூணு மணி நேரத்துக்கு ஒரு ஊசி, ராத்திரி பகல் பார்க்காமல். இடுப்பிலும் கையிலும் குத்த இடமில்லை. காய்ச்சல் இறங்கியது. பாவா கஞ்சி கேட்டுக் குடித்தார். கையைப் பார்த்து, "ஏ சௌடி, இது யாரு கை? வெள்ளைக்காரன் கை மாதிரி இருக்கு. ஊருக்குப் போனா சேத்துக்க மாட்டானுக" என்றார். அக்கா அன்றைக்குத்தான் சோறு தின்றாள்.

இன்னும் ரெண்டு வாரம் ஊசி பாக்கி இருந்தது. ஒரு காலையில் கஞ்சித் தம்ளர் அவர் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் குனிந்தபடியே சாய்ந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அக்காவைப் பார்த்து என்னவோ சொல்லப் பார்த்தார். மறுநாள் மத்தியானம் மூச்சு நின்றது.

"கிருமிய மருந்து அடக்கிருச்சும்மா. ஏற்கனவே இருந்த கட்டி பிஞ்சு தலைக்குப் போயிருச்சு" என்றார் டாக்டர்.

"முன்னாலயே வந்திருந்தா?"

"பொழச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம். மருந்தே இப்பத்தானம்மா வந்துச்சு."

"அவுக சாயம்னு சொன்னப்போ நானும் சிரிச்சேன்யா" என்றாள் அக்கா.

ஆண்டிச்சாமி கட்டுக் காலோடு கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்து விசும்பிக்கொண்டிருந்தார்.

காரியம் முடிந்த பிறகு அக்கா பாவாவின் அண்டாவை இறக்கிக் கழுவினாள். பெண்பிள்ளை எதற்கு இந்த வேலை என்று சொந்தக்காரர்கள் தடுத்தார்கள். கேட்கவில்லை. முதலில் முக்கியது ஒரு துண்டு. அதை நான் நரிக்குடிக்குக் கொண்டுபோய் ஆண்டிச்சாமியிடம் கொடுத்தேன். அவர் அதைத் தலையில் கட்டவில்லை, மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அதிலிருந்து அக்காதான் சாயக்காரி. அவள் கையும் முழங்கை வரைக்கும் சிவந்து போனது. சாயங்காலம் அடுப்பை அணைத்ததும் எலுமிச்சம்பழமும் சீயக்காயுமாகக் கிணற்றடியில் உட்காருவாள். நகத்துக்கு அடியில் வெள்ளை தெரிகிற வரைக்கும் தேய்ப்பாள். தெரிந்த பிறகுதான் உலை வைப்பாள். இன்றைக்கும் அப்படித்தான்.