ரஞ்சிதம் கேட்ட கேள்விகள்

கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பு. ஒரு கம்பெனி புதிதாக ஒரு பொருளைச் செய்தால், அதை வைத்திருப்பவர்கள் வீட்டுக்குப் போய், எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று விசாரித்து எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு ஆங்கிலத்தில் பெரிய பெயர் உண்டு. எங்கள் அம்மா 'வீடு வீடாப் போய் வம்பு கேக்கிற வேலை' என்பாள். பதினாலு வருஷமாக வம்பு கேட்டுக்கொண்டிருக்கிறேன். சென்னையில் இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் பாடமும் எடுக்கிறேன். அந்தப் பாடத்தில் பாதிக்கு மேல் ஜவ்வாது மலை ரஞ்சிதத்திடமிருந்து வந்தது. எந்த வகுப்பிலும் அவள் பெயரைச் சொல்லாமல் நான் விட்டதில்லை. பெயரைச் சொல்வதே பெரிய நேர்மை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2018 ஜூனில் அவளை முதலில் பார்த்தேன். சென்னைக் கம்பெனி ஒன்று குடிதண்ணீர் ஃபில்டர் செய்திருந்தது. இரண்டு அடுக்கு, மேலே ஊற்றினால் உள்ளே இருக்கிற மெழுகுவத்தி மாதிரியான கேண்டில் வழியாக வடிந்து கீழே வரும், திறந்து பிடிக்க ஒரு குழாய். பொங்கல் முடிந்த கையோடு மலையில் அறுபது வீட்டுக்கு அதைச் சும்மா கொடுத்திருந்தார்கள். கொடுத்த வீடுகளைப் பார்த்துக்கொள்ள ஆலங்கொல்லையைச் சேர்ந்த ரஞ்சிதத்தை மாசச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். என் ரிப்போர்ட் நன்றாக வந்தால் மலை முழுக்க ஃபில்டர், ரஞ்சிதத்துக்கு வேலை நிரந்தரம். இதைக் கம்பெனியே அவளிடம் சொல்லியிருந்தது. மகள் தமிழ்மணி அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள். வேலை நிரந்தரமானால் நர்சிங் படிக்க வைப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. புருஷன் பூபாலன் வருஷத்தில் எட்டு மாசம் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் இருப்பார். ஆக, எல்லாம் ரஞ்சிதத்தின் தலையில்தான்.

எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, முப்பத்தைந்து. நான் போளூரிலிருந்து பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் குடல் வாய்க்கு வந்து, ஜமுனாமரத்தூரில் இறங்கியபோது ஒரு பழைய மொபெட்டோடு நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "இன்னா மேடம், வாந்தியா?" என்றாள். இல்லை என்றேன். "எந்த வளைவுல?" என்றாள். நாலாவது வளைவு என்று உடனே சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினாள். அவள் எப்படிக் கேட்கிறாள் என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். எனக்கு வயிறுதான் பெரிதாக இருந்தது.

முதல் மூன்று நாள் நான்தான் கேட்டேன். சென்னையில் பத்துப் பேர் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செதுக்கிய கேள்வித்தாள். மங்கம்மாள் என்பவர் வீட்டில் பாய் போட்டு உட்கார வைத்துக் கேழ்வரகுக் கூழ் கொடுத்தார்கள். குடித்துவிட்டுத் தாளை எடுத்தேன்.

"ஃபில்டர் உபயோகமா இருக்குங்களா?"

"இருக்குதுங்க."

"தினமும் பயன்படுத்துறீங்களா?"

"தெனமும்தாங்க."

"மத்தவங்களையும் வாங்கச் சொல்லுவீங்களா?"

"சொல்லுவேங்க, கண்டிப்பா."

பத்தொன்பது வீட்டிலும் இதே கதை. வார்த்தை மாறவில்லை. சாயங்காலம் போனில் சொன்னேன். கம்பெனி மேனேஜர் அருண்ராஜ் குதிக்காத குறை. ரஞ்சிதத்துக்கும் இதைவிட நல்ல செய்தி வேண்டுமா? ஆனால் அவள் எனக்குப் பின்னால் சுவரோரமாக உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டிலும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவள் தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"என்ன சிரிப்பு?"

"கோச்சிக்காதீங்க மேடம். நீங்க கேக்கறப்பவே பதில அவங்க கையில குடுத்துடறீங்க. அவங்க அதையே உங்களுக்குத் திருப்பிக் குடுக்கறாங்க."

"பொய் சொல்றாங்கன்னா?"

"பொய் இல்ல. வூட்டுக்கு வந்து கூழ் குடிச்சவங்க நீங்க. நீங்க கொண்டாந்த பொருள எப்பிடி நல்லா இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றது? எங்க மலையில யாரும் சொல்ல மாட்டாங்க. தப்பு மேடம் அது."

"அப்போ எப்படித்தான் கேக்கிறது?"

"நாளைக்கி நான் கேக்கட்டுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. பத்தாவது படித்தவள், எனக்குத் தொழில் சொல்ல வருகிறாளா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனாலும் மறுநாள் அவளைக் கேட்க விட்டேன்.

பாஞ்சாலி என்ற பெண்ணின் வீடு. வாசலில் புளி மலையாகக் கிடந்தது. ரஞ்சிதம் உட்கார்ந்ததும் ஒரு கைப்பிடி புளியை இழுத்துப் போட்டுக் கொட்டை எடுக்க ஆரம்பித்தாள். ஃபில்டர் பேச்சே இல்லை.

"நேத்து கொல்லை வேலைலேர்ந்து எப்ப வந்த?"

"வெயில் எறங்கறப்பதான்."

"வந்ததும் இன்னா செஞ்ச?"

"இன்னா செய்வாங்க, தண்ணி குடிச்சேன்."

"எதுலேர்ந்து?"

பாஞ்சாலி என்னை ஒருமுறை பார்த்தாள். ரஞ்சிதம் தலை நிமிரவில்லை, புளியிலேயே இருந்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன். என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. அந்த மௌனம் எனக்கு ஒரு மணி நேரம் மாதிரி இருந்தது. அப்புறம் பாஞ்சாலியே ஆரம்பித்தாள். "கொடத்துலேர்ந்துதான். அதுல குழாயத் தெறந்தா சொட்டு சொட்டா வருது. ஏழு பேரு வெயில்லேர்ந்து வர்றோம், யாரு நின்னு புடிக்கறது? கோடையில கெணத்துத் தண்ணி கலங்கலா வந்துச்சி, அந்த மெழுகுவத்தி மாரி இருக்குதே, அது அடைச்சிக்கிச்சி. புதுசு வாங்க போளூர் போணும்." எழுந்து உள்ளே போய் ஃபில்டரைத் தூக்கிக்கொண்டு வந்து மூடியைத் திறந்து காட்டினாள். மேல் அடுக்கு நிறைய விதைச்சாமை. எலி தொடவில்லை என்று பெருமையாகச் சொன்னாள். தினமும் துடைத்து வைக்கிறாளாம்.

வெளியே வந்ததும் நானும் ரஞ்சிதமும் சிரித்த சிரிப்பில் மொபெட்டை ஸ்டார்ட் செய்யக் கால் வரவில்லை.

இதையெல்லாம் எங்கே கற்றாள் என்று கேட்டேன். மூன்று வருஷம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்திருக்கிறாள். மாத்திரை சாப்பிட்டாயா என்று உள்ளே கேட்பார்கள், சாப்பிட்டேன் என்று எல்லோரும் சொல்வார்கள். வெளியே வருகிறவர்களிடம் துடைப்பத்தை வைத்துக்கொண்டு இவள் கேட்பாளாம், "மாத்திரைய வூட்ல எங்க வச்சிருக்க?" என்று. சாப்பிடுகிறவள் அரிசிப் பானை மேலே, சாமி படத்துக்குப் பின்னால் என்று இடத்தைச் சொல்வாள். சாப்பிடாதவள் முழிப்பாள். "நெனைக்கறத கேட்டா மரியாதைக்கு ஒண்ணு சொல்லுவாங்க மேடம். நடந்தத கேட்டா நடந்ததத்தான் சொல்லணும்" என்றாள். நான் வண்டியின் பின்னால் உட்கார்ந்தபடியே அதை எழுதிக்கொண்டேன். என் எழுத்து குண்டும் குழியுமாக அந்த நோட்டில் இன்னும் இருக்கிறது.

பழைய பத்தொன்பது வீட்டையும் மறுபடி பார்த்து, மீதியையும் முடிக்கப் பதினெட்டு நாள் ஆனது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஊர் போய்விட்டேன், ஏசி ரூமில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தும் பேட்டி பார்த்துவிட்டேன். அந்தப் பதினெட்டு நாள் மாதிரி வரவே இல்லை. காலையில் பனி விலகாத பாதையில் அவள் ஹாரனை அடித்துக்கொண்டே போவாள், எதிரில் ஈ காக்கை இருக்காது. மத்தியானம் யார் வீட்டிலாவது சாமைச் சோறும் கீரையும். ஓடை தாண்டும்போது நான் இறங்கி நடக்க வேண்டும், அவள் மட்டும் காலைத் தூக்கிக்கொண்டு வண்டியைத் தண்ணீரில் விட்டு அக்கரையில் நின்று சிரிப்பாள். சாயங்காலம் பள்ளிக்கூடத்து மதில்மேல் உட்கார்ந்து அன்றைய கேள்விகளைப் பிரித்து மேய்வோம். ராத்திரிச் சாப்பாடும் படுக்கையும் அவள் வீட்டில்தான். "இந்த எடத்துல நீங்க அவசரப்பட்டுட்டீங்க மேடம், அது இன்னும் சொல்லியிருக்கும்" என்பாள். அவள் சொன்னால் கோபம் வராது, அதுதான் எனக்கே ஆச்சரியம். இப்போதும் ஏதாவது பேட்டியில் நான் அவசரப்பட்டால் தொடையில் கிள்ளு விழாதா என்று இருக்கும். அவ்வளவு ஏக்கம்.

கணக்குப் பார்த்தால் அறுபது வீட்டில் நாலே வீட்டில்தான் ஃபில்டரில் தண்ணீர் இருந்தது. மற்றதில் சாமை, துவரை, ஒரு வீட்டில் குழந்தையின் துணி. இதை எழுதினால் மலையில் திட்டத்தை மூடிவிடுவார்கள். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் உண்மையைத் தோண்டி எடுத்ததே அவள்தான். தன் வேலைக்குத் தானே குழி வெட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது பத்தாம் நாளே எனக்கு உறைத்திருந்தது. ஆனாலும் அதைப் பற்றிப் பேசவில்லை. வேலை அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

கிளம்புகிற அன்று ஜமுனாமரத்தூரில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் பேசினேன்.

"ரஞ்சிதம், உள்ளதை உள்ளபடி எழுதிடறேன். உங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?"

"இல்லிங்க மேடம். எழுதுங்க."

"வேலை போனாலும் போகும். பரவாயில்லையா?"

"பரவால்லைங்க."

சிரித்த முகமாகத்தான் சொன்னாள். பலாச்சுளை கட்டிய பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். பஸ் திரும்பும்வரை கை ஆட்டினாள். எனக்கு மனசு லேசாகிவிட்டது. அன்று இறங்குகிற வழியில் ஒரு வளைவிலும் வாந்தி வரவில்லை, போளூர் வரை தூங்கினேன்.

அந்த ரிப்போர்ட்டை எல்லோரும் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஃபில்டரை மாற்றிச் செய்தார்கள், வேறு மாவட்டத்துக்குக் கொண்டு போனார்கள். மலைத் திட்டம் அடுத்த மாதமே நின்றது. எனக்குப் பதவி உயர்வு வந்தது. ரஞ்சிதத்துக்கு இரண்டு தீபாவளிக்கு வாழ்த்துச் சொன்னேன், அப்புறம் விட்டுப்போனது. வகுப்பில் மட்டும் அவளை விடவில்லை. சாமை நிறைந்த ஃபில்டர் கதைக்கு எல்லா வகுப்பிலும் சிரிப்பார்கள்.

போன மாதம் ஒரு வகுப்பு. ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பேட்டி எடுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். "இதுல உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?" என்று கேட்டாள். நான் எழுந்து போய், "இல்லையேன்னு கேட்டா இல்லன்னுதானே வரும்? நீ தெரிஞ்சுக்கக் கேக்கறியா, உன் மனசு நிம்மதியாகக் கேக்கறியா?" என்றேன். சொல்லி முடிக்கவில்லை, ஜமுனாமரத்தூர் பஸ் ஜன்னல் கண்ணெதிரே வந்து நின்றது. வருத்தமில்லையே. பரவாயில்லையா. அறுபது வீட்டிலும் கேட்கக் கூடாது என்று அவளே எனக்குச் சொல்லிக் கொடுத்த கேள்வியைத்தான் அவளிடம் கேட்டிருக்கிறேன். அவள் வீட்டில் பதினெட்டு நாள் சாப்பிட்டவள் நான். என் முகத்துக்கு நேராக அவள் வேறு என்ன சொல்லியிருப்பாள்? வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். அங்கேயே நின்று அவளுக்குப் போன் போட்டேன்.

பழைய நம்பருக்கே ரிங் போனது. எடுத்ததும் குரல் தெரிந்துவிட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள், தமிழ்மணியும் அங்கேயே.

"நல்லா இருக்கீங்களா ரஞ்சிதம்?"

"நல்லா இருக்கேங்க மேடம்."

அதோடு வைத்திருக்கலாம். ரொம்ப சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு என்னை பஸ் ஏத்திவிட்டுட்டு வீட்டுக்குப் போனீங்களே. போய் என்ன செஞ்சீங்க?"

 பின்னால் சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தம் மட்டும். நான் வாயைத் திறக்கவில்லை.

"எங்கிட்டயேவா மேடம்?" என்று மெல்லச் சிரித்தாள். நான் அப்போதும் பேசவில்லை.

"தமிழு நர்சிங் ஃபாரம் ரொப்பிக்கினு இருந்துச்சி. அப்பதான் போட்டோ ஒட்டி வச்சிருந்தது. பசை காஞ்சா பிச்சி எடுக்கறப்ப கிழிஞ்சிடும்னு, வூட்டுக்குள்ள போனதும் மொதல்ல அத உரிச்சேன். அது இன்னாம்மா, இன்னாம்மான்னு கேட்டுக்கினே இருந்துச்சி. நான் ஒண்ணும் சொல்லல. அந்தப் போட்டோவத்தான் இங்க கம்பெனி கார்டுக்குக் குடுத்தோம் மேடம்."

நான் அழுதேன். அவளுக்குக் கேட்டிருக்கும். சாப்பாட்டு நேரம் முடிந்ததற்குப் பெல் அடித்தது, அவள் வைக்காமல் லைனிலேயே இருந்தாள்.