சபை கேட்டது என் வலது கைக்காக

மர்பி டவுன் ஜெபக்கூட்டத்தில் என்னோடு முழங்காலில் நின்றவர்களே, உங்கள் ஜெபம் வந்து சேர்ந்த விதத்தை இன்று முழுதாகச் சொல்கிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. நிதானமாகத்தான் எழுதுவேன்.

ஜெர்மன்காரனோடு இந்தச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம், லெந்து நோன்பு நாட்களில், குளிக்கும்போது வலது மார்பில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. என் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அது புண்ணாகி அவள் செத்ததைப் பார்த்தவள் நான்.

நம் கூட்டத்தில் விண்ணப்பத்தை எழுந்து வாய்விட்டுச் சொல்வது வழக்கம். எதிரே போதகர் ஐயரும் ஆண்களும். மார்பு என்று எப்படிச் சொல்வேன்? வலது கையில் வலி என்றேன். வாரந்தோறும் என் கைக்காக மன்றாடினீர்கள்.

கட்டி அப்படியே இருந்தது. மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். புற்று, ஆனால் ஆரம்பம்தான் என்றார் டாக்டரம்மா. இரண்டு வழி சொன்னார். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியம் ஊசிகளை உள்ளே வைப்பது ஒன்று. அது புது முறை, தனக்குப் பழக்கமில்லை, வெளியூர் போக வேண்டும் என்றார். மற்றது, மார்பையும் அடிச்சதையையும் அக்குள் கழலைகளையும் சேர்த்து எடுப்பது. அதை அவரே செய்வார். ஆனால் கையைத் தூக்க முடியாமல் போகலாம்.

நான் பட்டாளத்து உடுப்புகளுக்கு இஸ்திரி போட்டுப் பிழைப்பவள். "கை போனா இஸ்திரிப் பெட்டிய யாரும்மா தூக்குறது?" என்று என் மகன் தேவசகாயம் அழுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் கண்ணை மூடினேன். அப்போதுதான் உறைத்தது. உள்ளே போய்ச் சொன்னேன்.

"மொத்தத்தையும் எடுத்துடுங்கம்மா. கைக்கு எங்க சபை முன்னாடியே ஜெபம் பண்ணிடுச்சு."

காயம் ஆறியது. கை மரக்கட்டையாகக் கிடந்தது. டாக்டரம்மா சொன்னபடி சுவரில் விரல்களை மேலே ஏற்றினேன். எட்டின இடத்தில் கரிக்கோடு. மறுநாள் அதைத் தாண்டாமல் சாப்பிடமாட்டேன். கிறிஸ்துமஸுக்கு முன்பே கரி நிரப்பின பெட்டியைத் தூக்கிவிட்டேன்.

பக்கத்து வீட்டு ராஜம் விடவில்லை. "கைவலின்னு சொன்னே, கையில ஒரு தழும்பயும் காணோமேக்கா?" என்றாள். முந்தானையை விலக்கிக் காட்டினேன். அவள் என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, மார்பு என்றே சொன்னேன். ஐயர் தலைகுனிந்தார். நான் குனியவில்லை.

சகோதரிகளே, கட்டி என்றால் கட்டி என்று கர்த்தரிடமும் சொல்லுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். வெட்கத்தில் பொய் சொன்ன ஒருத்தியின் விண்ணப்பத்தையே அவர் வீணாக்கவில்லை. ஸ்தோத்திரம் சொல்லும்போது நான் வலது கையைத்தான் உயர்த்துகிறேன். வந்து பாருங்கள்.