மரியபுஷ்பம் டீச்சரின் ரெக்கார்டு என்னிடம்தான் இருக்கிறது

மரியபுஷ்பம் டீச்சர் போய்விட்டார்.

காலையில் அவர் மகள் போன் செய்தாள். "அம்மா விடியக்காலம் போயிருச்சுங்கய்யா. சாயந்தரம் நாலு மணிக்கு எடுக்குறோம்... அம்மாவோட ரெக்கார்டு ஒண்ணு உங்ககிட்ட இருக்காமே, கொண்டு வாரீங்களா?"

சரிம்மா என்றேன். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. இன்னும் சட்டை மாற்றவில்லை.

இங்கே, நம் குரூப்பில் எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு... நான் ஒட்டன்சத்திரத்தில் லாரி ஆபீஸில் புக்கிங் பார்த்தவன். எட்டாவது வரைதான் படிப்பு. பழைய அரக்கு ரெக்கார்டின் லேபிளைப் பார்த்து வயது சொல்வதை நானாகவே கற்றுக்கொண்டேன். லேபிளின் நிறம், எழுத்தின் வடிவம், அடியில் அச்சிட்ட கம்பெனி முகவரி... எல்லாவற்றையும் நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், மதுரையில் ரெக்கார்டு சேர்க்கும் பெரிய மனிதர் ஒருவர் அந்த நோட்டைப் புரட்டினார். "தக்காளிக் கூடைக்குச் சீட்டு ஒட்டுற ஆளுக்கு இதெல்லாம் எதுக்குய்யா?" என்று பத்துப் பேர் முன்னால் சிரித்தார். அதை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

அடுத்த வாரம் டீச்சர் வந்தார்.

திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில், துண்டில் சுற்றிய ரெக்கார்டை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். மாதா பாட்டு. லேபிளில் 'பெண் குரல்' என்று மட்டும் இருந்தது, பெயர் இல்லை.

"எங்கம்மா பாடினதுன்னு அப்பா சொல்லுவாருங்கய்யா. நான் பொறந்த நாப்பதாம் நாள் அம்மா போயிட்டாங்க. ஒரு போட்டோகூடக் கிடையாது, இது ஒண்ணுதான். எந்த வருசம்னு மட்டும் சொல்லுங்க, எழுதி வச்சுக்கிறேன்."

வருஷம் மட்டும்தான் கேட்டார்.

நான் லென்ஸை வைத்துப் பார்த்தேன். லேபிளில் இருந்த முகவரிக்குக் கம்பெனி எப்போது மாறியது என்று எனக்கு மனப்பாடம். டீச்சர் சொன்ன பிறந்த வருஷத்துக்கு மூன்று வருஷம் கழித்து.

"செத்துப்போனவங்க எப்படிங்க டீச்சர் பாடுவாங்க? இது உங்கம்மா இல்லைங்க."

"இன்னொருக்கா நல்லாப் பாருங்கய்யா..."

"இருவது வருசமா இதைத்தானுங்க பார்த்துட்டு இருக்கேன்!"

டீச்சர் வெறும் துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அப்ப இது யாரோ. நீங்களே வச்சுக்கங்க."

பஸ் ஏறும்போது சிரித்தார். "இம்புட்டு வருசமா யாரோ ஒரு பொம்பளைக்கு அழுதிருக்கேன் பாருங்க."

நான் சரியாகச் சொல்லிவிட்ட திருப்தியில் வீட்டுக்கு நடந்தேன்.

நாலைந்து வருஷம் போனது. ஒரு பழைய இரும்புக் கடையில் அதே பாட்டு கிடைத்தது. ஓரத்திலிருந்து நடு வரைக்கும் விரிசல், ஊசி வைக்க முடியாது. ஆனால் லேபிள் வேறு நிறம். முகவரியும் பழையது, டீச்சர் பிறப்பதற்கு முந்தியது.

பாட்டின் கடைசி வரிக்கும் லேபிளுக்கும் நடுவில் அரக்கிலேயே சின்னதாய் ஒரு எண் பதிந்திருக்கும். அது பதிவின் எண். இரண்டு தட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்... ஒரே எண்.

பழைய அச்சிலேயே பின்னால் திரும்ப அடித்து, புது லேபிள் போட்டு விற்றிருக்கிறார்கள். பாட்டு பதிவானபோது டீச்சரின் அம்மா உயிரோடுதான் இருந்திருக்கிறார். அவர் அப்பா சொன்னதை இல்லை என்று சொல்ல என்னிடம் இருந்த ஒரே காரணமும் போய்விட்டது.

லேபிளைப் பற்றி நான் சொன்னது சரி. அது பிற்காலத்து லேபிள்தான், யார் வந்து கேட்டாலும் சொல்வேன். அந்த எண்ணைத்தான் நான் அன்றைக்குப் பார்க்கவே இல்லை. டீச்சர் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லியும் பார்க்கவில்லை.

மறுநாளே திண்டுக்கல் போனேன். டீச்சர் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்கய்யா! என்ன திடீர்னு?"

"பூண்டு வாங்க வந்தேனுங்க."

"அம்புட்டுப் பெரிய மார்க்கெட்டை அங்க வச்சுக்கிட்டு இங்கயா பூண்டு வாங்க வந்தீக?"

அவர் சிரித்தார். ரெக்கார்டு பேச்சை நான் எடுக்கவே இல்லை. காபி குடித்தேன். உண்மையிலேயே அரைக் கிலோ பூண்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த மாதம் சொல்லலாம் என்றிருந்தேன். அப்புறம் கிறிஸ்துமஸுக்கு... "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். தள்ளிப்போட்ட ஒவ்வொரு வருஷமும் அந்தப் பயத்தைக் கூட்டியது. கடைசியில் அந்தத் தெருப்பக்கமே போவதில்லை.

இன்று காலை மகள் இன்னொன்றும் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்துதான் சட்டை மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

"கடைசி ஒரு வாரமா அந்த ரெக்கார்டையே கேட்டுச்சுங்கய்யா. 'யாரா இருந்தா என்ன, அந்தக் குரலு வேணும்'னுச்சு. உங்களுக்குப் போன் போடவான்னு கேட்டேன். 'குடுத்ததை எப்படித் திருப்பிக் கேக்குறது, வேண்டாம்'னுருச்சு."

பிறகு கேட்டாள், "கிராமபோனும் எடுத்துட்டு வாரீங்களா? அம்மா பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுருவோம்."

போட்டால் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள், யார் பாடுறது என்று. எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள். மகளும் பார்ப்பாள்.

பயமாக இருக்கிறது. மதுரையில் அத்தனை பேர் சிரித்தபோதுகூட எனக்கு இப்படி இல்லை.

அவர்கள் கேட்பதற்கு முன்னால் உங்களிடம் சொல்லிவிடுகிறேன் டீச்சர். பாடுவது உங்கம்மாதானுங்க.

பன்னிரண்டே முக்கால் பஸ்ஸில் வாரேன்.