பட்டுச்சேலையில் வந்த செக்கிங் டேபிள்

கொரோனா அடங்கி, திருப்பூரில் கம்பெனி பஸ்கள் மறுபடி நிறைந்து ஓடத் தொடங்கியிருந்த வருடம் அது. பிளஸ் டூ முடித்துவிட்டு, அவிநாசிபாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். தைத்து வரும் டீ-ஷர்ட்டை மேசையில் விரித்து, கறை, ஓட்டை, தையல் விட்ட இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓரத்தில் நூல் நீட்டிக்கொண்டிருந்தால் வெட்ட வேண்டும். அந்த நூலைப் பிசிறு என்போம். "பிசிறு தெரிஞ்சா பீஸ் போச்சு" என்பதுதான் எங்கள் டேபிளின் வேதவாக்கு.

கை பிசிறு வெட்டினாலும் மனசு முழுக்கப் படம் எடுப்பதில்தான் இருந்தது. போட்டோ, வீடியோவெல்லாம் சொல்லித்தரும் படிப்பு கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இருப்பது தெரிந்து விண்ணப்பித்தேன். மார்க் மட்டும் போதாது, போர்ட்ஃபோலியோ வேண்டும் என்றார்கள். ஒரு கருப்பொருளை நாமே எடுத்துக்கொண்டு, அதற்கென்று எடுத்த படங்களை ஆல்பமாகக் கோத்து நேர்முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கருப்பொருளை விண்ணப்பத்திலேயே எழுதச் சொல்லியிருந்தார்கள். அதிகம் யோசிக்காமல் 'உழைப்பு' என்று எழுதிவிட்டேன். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கண் முன்னால் இருந்தது அதுதானே?

அப்பா ஒன்றுதான் சொன்னார். "ஒருக்கா முயற்சி பண்ணிப் பாரு கண்ணு. கெடச்சாச் சந்தோசம். கெடைக்கலீன்னா கம்பெனி வேலையே போதும்னு இருந்துக்கோணும்." மறு வருடம் என்ற பேச்சே அதில் இல்லை.

முதல் முட்டுக்கட்டை கம்பெனியிலேயே விழுந்தது. உள்ளே செல்போன்கூடக் கொண்டுபோக முடியாது. மேனேஜரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் கோபப்படவெல்லாம் இல்லை. "உள்ள ஓடறது பூராம் வெளிநாட்டுக்காரன் டிசைனு கண்ணு. ஒரு போட்டோ வெளிய போச்சுன்னா உனக்குப் படம் கெடைக்கும், எனக்கு ஊட்டுக்குப் போற வழி கெடைக்கும்" என்றார்.

சரி, வேலையை எடுக்க முடியாவிட்டால் வேலை செய்கிறவர்களை எடுப்போம் என்று மத்தியானச் சாப்பாட்டின்போது எங்கள் டேபிள் பெண்களிடம் சொன்னேன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்காதான் எங்கள் டேபிளின் வாய். போர்ட்ஃபோலியோ என்றதும் அவர், "போலியோவா? அதுக்குத்தான் சின்னப் பிள்ளையிலயே சொட்டு மருந்து ஊத்திட்டாங்களேட்டி!" என்றார். சாப்பாடு புரையேறும்வரை சிரித்தோம். அப்புறம் எல்லோருமே சம்மதித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, அக்கா குடியிருக்கும் லைன் வீட்டு மொட்டை மாடியில் எடுப்பதாகப் பேச்சு. "வேலைக்கு வர்ற மாதிரியே வாங்கக்கா" என்று தெளிவாகச் சொன்னேன். தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நம்பிவிட்டேன்.

காதர்பேட்டைக் கடைகளுக்கு பனியன் படம் எடுத்துக் கொடுக்கும் ஸ்டுடியோ அண்ணன் ஒருவரிடம் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறினேன். பார்த்தால், கல்யாண மண்டபம்! பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, யாரிடமோ கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்ட ஆரம். ஒடிசாவிலிருந்து வந்த என் வயதுப் பெண் சிவப்புக் கரை வைத்த சேலை கட்டி, கண்ணுக்கு மை தீட்டி நின்றிருந்தாள்.

"அக்கா, வேலைக்கு வர்ற மாதிரின்னு சொன்னேனுங்களே!"

"ஏட்டி, கம்பெனில போடுத அந்த நீலக் கோட்டுல என்னைய நெதமும்தான் எல்லாரும் பாக்காவ. போட்டோ எடுக்கன்னு ஒரு நாள் கெடச்சிருக்கு, அதுலயும் அந்தக் கோட்டா?" என்றார் தென்காசி அக்கா.

எங்கள் டேபிளில் மூத்தவரான பல்லடத்து அக்கா அதிகம் பேசமாட்டார். அவரும் சேர்ந்துகொண்டார். "கண்ணாலத்துல எடுத்ததுக்கப்பறம் எனக்குன்னு ஒரு படம் இல்ல கண்ணு. ஆதார் கார்டுல இருக்கறத நானே திருப்பி வச்சுருவேன்."

ஒடிசாப் பெண் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "இந்த போட்டோ அம்மாக்கு அனுப்பு. வேலை போட்டோ வேண்டாம். அம்மா அழும்."

அதற்கு மேல் என்ன பேசுவது? 'ஆள் பாதி ஆடை பாதி' என்பார்கள். ஊருக்கெல்லாம் ஆடை அனுப்பும் ஊர்க்காரர்களிடம் போய் அதை மறுத்துப் பேச முடியுமா? மனசுக்குள் என் சீட்டு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே எடுக்க ஆரம்பித்தேன். ஆதார் கார்டுக்கு நிற்கிற மாதிரியே விறைப்பாக நின்றார்கள். சிரிக்கச் சொன்னால் பல்லை மட்டும் காட்டினார்கள்.

லென்ஸைத் துடைக்க ஒரு நிமிடம் நிறுத்தினேன். அப்போதுதான் நடந்தது. பல்லடத்து அக்காவின் ரவிக்கைக் கையில் ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்ததைத் தென்காசி அக்காவின் கண் பிடித்துவிட்டது. கத்தரி இல்லை. குனிந்து பல்லாலேயே கடித்து இழுத்தார். உடனே ஒடிசாப் பெண் தென்காசி அக்காவின் சேலை ஓரத்தைத் திருப்பி, தையலை விரலால் நீவிப் பார்த்தாள். இன்னொருத்தி அவள் முதுகுத் தையலைப் பார்த்தாள். ஒரு நிமிடத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் செக்கிங் செய்துகொண்டிருந்தார்கள். மல்லிகைக்கும் பட்டுக்கும் நடுவில் எங்கள் டேபிள் அப்படியே உட்கார்ந்திருந்தது. சத்தமில்லாமல் எடுத்துத் தள்ளினேன்.

ஸ்டுடியோ அண்ணன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இதுதாம்மா படம். மத்ததெல்லாம் கண்ணால ஆல்பம். இத மட்டும் வையி, சீட்டு உனக்குத்தான்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

பிரிண்ட் போட்டு மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் காட்டினேன். விறைப்பாக நின்ற படங்களை ஆசை ஆசையாகப் பார்த்தார்கள். பிசிறு எடுக்கும் படங்கள் வந்ததும் தென்காசி அக்கா, "என்னட்டி இது, நாய் எலும்பக் கவ்வுத மாதிரி!" என்று கத்தினார். பல்லடத்து அக்கா, "முதுகு மட்டுந்தான் தெரியுது. இதுக்கா அத்தன வெயில்ல பட்டுக் கட்டிட்டு வந்தேன்?" என்று கேட்டார். ஒடிசாப் பெண் தன் படத்தைச் சட்டென்று கவிழ்த்து வைத்தாள்.

"இதுதாங்கக்கா எனக்குச் சீட்டு வாங்கித் தரும்" என்றேன்.

தென்காசி அக்கா தன் டப்பாவிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்து என் சோற்றில் வைத்துக்கொண்டே சொன்னார். "நாங்க சிரிச்சிட்டு நிக்கோம்லா, அது நாங்க குடுத்த படம். இது நீ களவாண்ட படம். காட்டாதட்டி."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எதிர்த்துப் பேசியிருப்பேன். மீனை வைத்துவிட்டல்லவா சொன்னார்! "சரிங்கக்கா" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, மனசு கேட்கவில்லை. ஸ்டுடியோ அண்ணன் வேறு, "அவங்க என்ன கோயம்புத்தூருக்கு வந்தா பாக்கப் போறாங்க?" என்றார். அதுவும் உண்மைதான். விறைப்பான படங்களை ஆல்பத்தில் ஒட்டினேன். மற்றவற்றை ஓர் உறையில் போட்டுப் பையின் அடியில் வைத்துக்கொண்டுதான் நேர்முகத்துக்குப் போனேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சாரும் ஒரு மேடமும் இருந்தார்கள். சார் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "உழைப்புன்னு எழுதியிருக்கே. இதுல எனக்குக் கல்யாண வீடுதான் தெரியுது" என்றார்.

"ஆமாங்க சார். அவங்களுக்கு அன்னைக்கு லீவுங்க."

மேடம் சிரித்துவிட்டு, வேறு படங்கள் இல்லையா என்று கேட்டார். பையில் இருந்த உறை என் காலை இடித்துக்கொண்டிருந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மீன் துண்டு ஞாபகம் வந்தது.

"இருக்குதுங்க மேடம். ஆனா படத்துல இருக்கறவங்க காட்ட வேண்டாம்னுட்டாங்க."

"காட்டாட்டி நாங்க எதை வச்சு மார்க் போடறது?" என்றார் சார்.

என் ஒரே வாய்ப்பு அந்த மேசை மேலேயே செத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. மேடம்தான், "சரி, காட்ட வேண்டாம். அதுல என்ன இருக்குதுன்னு சொல்லேன்" என்றார்.

பேசச் சொன்னால் எனக்குக் கேட்கவா வேண்டும்? சொன்னேன். மொட்டை மாடி, இரவல் ஆரம், பல்லால் கடித்த நூல், அம்மா அழும் என்ற பெண், எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் சார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இப்ப நீ என்ன பண்ணிட்டு இருக்கே?"

புரியாமல் குனிந்து பார்த்தேன். மேசை விரிப்பின் ஓரத்தைத் திருப்பி வைத்திருந்தேன். விரல் தையலோடு போய், ஒரு பிசிறைப் பிடித்துப் பாதி இழுத்திருந்தது. வெட்கத்தில், "மன்னிச்சுருங்க சார், பிசிறு இருந்துதுங்க" என்றேன். இருவரும் சிரித்தார்கள். என்னவோ எழுதிக்கொண்டார்கள். போகலாம் என்றார்கள்.

முதல் பட்டியலில் என் பெயர் இல்லை. கம்பெனி வேலையே போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்ட பிறகு, இரண்டாவது பட்டியலில் வந்தது. எதற்காகக் கொடுத்தார்கள் என்று மேடத்திடம் மூன்று வருடப் படிப்பிலும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கடைசி நாள் டேபிளில் நேர்முகத்தில் நடந்ததைச் சொல்லி, "படத்தைக் காட்டலீங்க, ஆனா எல்லாத்தையும் சொல்லிட்டேனுங்க" என்றேன். தென்காசி அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். "படத்தத்தான் காட்டாதன்னோம். ஒன் வாயக் கட்டிப் போட்டமா?" பல்லடத்து அக்கா, "வாயுள்ள புள்ள பொழச்சுக்கும்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த பீஸை விரித்தார்.

இப்போது படம் எடுப்பதே என் தொழில். அந்த உறை என் பீரோவில் யாருக்கும் பிரித்துக் காட்டாமலேயே இருக்கிறது. விறைப்பாக நின்ற படம் தென்காசிப் பக்கத்து வீடொன்றில் சட்டம் போட்டுத் தொங்குவதாகக் கேள்வி. இன்றைக்கும் வேலை செய்கிற ஒருவரைப் பார்த்துக் கேமராவைத் தூக்குவதற்கு முன்னால், "இப்படியே எடுக்கட்டுங்களா, மாத்திட்டு வர்றீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன், பெரும்பாலும் அவர்கள் மாற்றிக்கொண்டுதான் வருகிறார்கள், நானும் காத்திருக்கப் பழகிவிட்டேன்.